கேட்பவர் கொடுத்த காசு

சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவனுக்கு, எந்தப் பத்திரிகையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் ஒரு கேள்விதான் வரும்: காசு யார் கொடுத்தது? கொள்கை, நடை, அட்டைப்படம் எல்லாம் அப்புறம். அச்சகத்தில் பாக்கி சொல்லி நின்ற அனுபவம் அப்படி. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் மக்கள் தங்களுக்கென்று இருநூறு ஆண்டுகளாக நடத்திவரும் பத்திரிகைகளையும் வானொலிகளையும் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதும் இந்தக் கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தேன். அவர்கள் வரலாற்றில் மிக நேர்மையான பதில் எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் கிடைக்கவில்லை. சுருட்டுத் தொழிற்சாலையில் கிடைத்தது.

ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரை ஒட்டி ஈபோர் சிட்டி என்று ஒரு பகுதி. 1880களின் நடுவில் விசென்டே மார்த்தினெஸ் ஈபோர் என்ற சுருட்டு முதலாளி கட்டிய ஊர். கியூபாவிலிருந்து புகையிலை வந்தது. அதைச் சுருட்டத் தெரிந்த கியூபர்களும் ஸ்பானியர்களும் வந்தார்கள். பின்னாலேயே சிசிலித் தீவிலிருந்து இத்தாலியர்களும் வந்து தொழில் பழகினார்கள். பெரிய கூடம், வரிசை வரிசையாக மேசைகள், நூற்றுக்கணக்கான ஆட்கள். எல்லாம் கைவேலை. இயந்திரச் சத்தம் கிடையாது. கையும் கண்ணும் இலையில் இருக்கும். காது மட்டும் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும்.

அந்தக் காதுக்காக அவர்கள் ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். லெக்டோர் என்று பெயர். கூடத்தில் உயரமாகக் கட்டிய மேடையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கி இல்லாமல், கடைசி மேசை வரை கேட்கும்படி படிப்பதே அவர் வேலை. காலையில் செய்தித்தாள்கள். ஆங்கிலப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் ஸ்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே போகிறவர்களும் இருந்தார்கள். அதோடு தொழிற்சங்க ஏடுகள். பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். செர்வாந்தெஸ், விக்டர் ஹியூகோ, எமிலி ஜோலா என்று போகும் பட்டியல். தன் பெயரை எழுதத் தெரியாதவர்கூட டான் குயிக்ஸோட்டின் கதையை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வார். படித்த விதம் பிடித்துவிட்டால் இலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டுவார்கள். அதுதான் கைதட்டல்.

வழக்கம் ஈபோர் சிட்டியில் பிறந்ததில்லை. 1865இல் ஹவானாவில், எல் ஃபீகரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் தொடங்கியது. அதே ஆண்டு சதுர்நீனோ மார்த்தினெஸ் என்ற சுருட்டுத் தொழிலாளி 'லா அவுரோரா' என்று தொழிலாளர் பத்திரிகை ஒன்றையும் ஆரம்பித்திருந்தார். வாங்கிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், படித்துக் காட்டுகிற ஆள் தேவைப்பட்டார். பத்திரிகையும் குரலும் ஒரே நேரத்தில் பிறந்த கதை இது.

இனி என் கேள்வி. லெக்டோருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. கூலி வாங்கும் நாளில் தொழிலாளர்கள் ஆளுக்குச் சுமார் 25 சென்ட் போட்டார்கள். பெரிய தொழிற்சாலை என்றால் சுருட்டுபவரைவிட லெக்டோருக்கு நல்ல வருமானம். வேலைக்கு வர விரும்புகிறவர் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டும். குரல் தேறினால்தான் மேடை. முதலாளியின் கட்டடத்துக்குள், முதலாளியின் நேரத்தில், முதலாளிக்குச் சொந்தமில்லாத ஒரு குரல். இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சந்தாவை நினைவூட்டி அஞ்சலட்டை எழுதிச் சலித்த எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

லூயிசா காபெத்தீயோ என்ற போர்ட்டோ ரிக்கோப் பெண்ணும் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார். தொழிற்சங்கக்காரர், பெண் விடுதலை பற்றிப் புத்தகம் எழுதியவர், தன் ஊரிலும் பிறகு டாம்பாவிலும் சுருட்டுத் தொழிலாளர்களுக்குப் படித்தார். 1915இல் ஹவானாவில் கால்சட்டை அணிந்து தெருவில் நடந்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். பெண் கால்சட்டை போடக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டார். வழக்கு நிற்கவில்லை.

காதுக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள் நாட்டுக்கும் கொடுத்தார்கள். கியூப விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தி 1891 நவம்பரில் டாம்பாவுக்கு வந்து பேசினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கில் 'பாத்ரியா' பத்திரிகையைத் தொடங்கினார். ஸ்பெயினுக்கு எதிரான அவருடைய கட்சிக்கு ஃபுளோரிடா சுருட்டுத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை எடுத்துவைத்துக் கொடுத்துவந்தார்கள். கியூபப் புரட்சியின் கணக்குப் புத்தகத்தில் பெரிய பிரபுக்களைவிட இந்தக் கூலிக்காரர்களின் வரவுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? வேலைநிறுத்தங்களில் அந்த மேடை ஒரு பிரச்சினையாக வந்தது. கடைசியில் 1931இல், பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், லெக்டோர்கள் கம்யூனிசம் பரப்புகிறார்கள் என்று சொல்லி எல்லாத் தொழிற்சாலைகளிலும் மேடைகளை அப்புறப்படுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள்; தோற்றார்கள். அந்த இடத்தில் முதலாளிகள் கொண்டுவந்து வைத்தது ரேடியோ. தாங்களே காசு போட்டு வைத்திருந்த குரல் போய், வேறு யாரோ காசு கொடுத்த குரல் வந்து உட்கார்ந்தது. எதைப் படிப்பது என்று ஓட்டுப் போட இனி வழியில்லை.

இதற்கு முன்பே ஒரு லெக்டோர் வேறு வழி தேடிக்கொண்டிருந்தார். விக்டோரியானோ மான்டெய்கா 1922இல் ஈபோர் சிட்டியில் 'லா கசேட்டா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஸ்பானியம், ஆங்கிலம், இத்தாலியம் என்று மூன்று மொழிகளில் வரும் ஏடாக அது வளர்ந்தது. மகன் நடத்தினார், இப்போது பேரன் நடத்துகிறார். நூறாண்டு தாண்டியும் வாராவாரம் வருகிறது. சுருட்டுத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் போய்விட்டன.

சுருட்டுக்காரர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். இன்னொரு கூட்டம் எங்கும் போகவில்லை, நாடுதான் அவர்கள் தலைக்கு மேல் மாறியது. 1848இல் மெக்சிகோ தோற்றுக் கையெழுத்துப் போட்டதும் கலிஃபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் அமெரிக்காவாகிவிட்டன. லாஸ் ஏஞ்சலீஸ் ஊர்க்காரர்களில் ஒரு பையன், ஃபிரான்சிஸ்கோ ராமிரெஸ். அங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகையின் ஸ்பானியப் பக்கத்துக்கு அச்சுக் கோத்தவன். 1855 ஜூனில், பதினெட்டு வயதில், 'எல் கிளாமோர் பூப்லிகோ' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினான். மெக்சிகோக்காரர்களை விசாரணை இல்லாமல் கும்பல்கள் தூக்கிலிட்டதை எழுதினான். அடிமை முறையை எதிர்த்தான். நிலம் பறிபோவதை எழுதினான். இரண்டாவது விஷயத்தில் ஸ்பானியம் பேசிய பண்ணைக்காரர்கள் பலரே அவனோடு உடன்படவில்லை. அடிமை முறையை ஆதரித்த கட்சியோடு அவர்களுக்கு நெருக்கம். சந்தா கட்டக்கூடிய ஆட்களையே பகைத்துக்கொண்ட பத்திரிகை 1859 டிசம்பர் 31 அன்று கடைசி இதழை வெளியிட்டது. நாலரை ஆண்டு. சிற்றிதழ்காரன் கணக்கில் அது நல்ல ஆயுள்தான்.

டெக்சஸ் மாநிலத்தின் எல்லை ஊர் லரேடோவில் இன்னொரு குடும்பம். நிகாசியோ ஈதாரின் 'லா கிரோனிகா' பத்திரிகையில் அவருடைய பிள்ளைகளும் வேலை செய்தார்கள். மகள் ஹோவிதா ஈதார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். பிள்ளைகளுக்கு நாற்காலியும் புத்தகமும் இல்லாத பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று எண்ணி வந்தவர். 1910 நவம்பரில் ராக்ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அன்டோனியோ ரொட்ரிகெஸ் என்ற இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து உயிரோடு எரித்தது. பத்திரிகை அதை எழுதியதோடு நிற்கவில்லை. 1911 செப்டம்பரில் லரேடோவில் மெக்சிகோ வம்சாவளியினரின் மாநாட்டை ஈதார் குடும்பம் கூட்டியது. வந்தவர்களில் பலர் பரஸ்பர உதவிச் சங்கங்களின் பிரதிநிதிகள். மாதாமாதம் சில்லறை வசூலித்து, செத்தவரை அடக்கம் செய்யவும் படுத்தவருக்கு மருந்து வாங்கவும் கொடுத்த சங்கங்கள் அவை. அதே மாநாட்டில் பெண்களுக்கான அமைப்பு ஒன்று உருவாகி, ஹோவிதா அதன் தலைவரானார். முதல் வேலையாக ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி.

1914இல் அவர் 'எல் ப்ரோக்ரெசோ' பத்திரிகையில் இருந்தார். ஜனாதிபதி உட்ரோ வில்சன் எல்லைக்குப் படை அனுப்பியதைக் கண்டித்து ஒரு கட்டுரை வந்தது. டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல்படை அச்சகத்தை மூட வந்தது. ஹோவிதா வாசலில் நின்றார். நகரவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள். பின்னர் அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து அச்சு இயந்திரத்தை உடைத்துவிட்டுப் போனார்கள். எழுதிய கையை விட்டுவிட்டு இயந்திரத்தை உடைப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம். ஒரு அச்சு இயந்திரத்துக்குக் காசு சேர எத்தனை வருஷம் ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும். 2023இல் அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் ஹோவிதாவின் உருவத்தைப் போட்டது. இருபத்தைந்து சென்ட்!

ஃபுளோரிடாவில் முதலாளிகள் ரேடியோவைக் கொண்டுவந்து குரலை அடக்கிய அதே காலத்தில், நாட்டின் மறுகோடியில் ஒருவர் அதே ரேடியோவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். பெத்ரோ கொன்சாலெஸ். மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்காரர். மெக்சிகோப் புரட்சியில் பான்சோ வில்லா என்ற தளபதியின் படையில் தந்தி அடித்தவர். லாஸ் ஏஞ்சலீசுக்கு வந்து சான் பெத்ரோ துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பாடிக்கொண்டே வேலை செய்வார். அந்தக் குரல் அவரை விளம்பரம் வாசிக்கக் கொண்டுபோனது. விளம்பரம் வாசித்தது சொந்த நிகழ்ச்சியில் கொண்டுபோய் விட்டது. 'லோஸ் மாட்ருகதோரெஸ்', விடியலுக்கு முன் எழுகிறவர்கள் என்று பெயர். பர்பாங்க் நகரின் ஒரு நிலையத்திலிருந்து அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரை.

அந்த நேரம் ஏன் கிடைத்தது? வேறு யாருக்கும் வேண்டாம் என்பதால். ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் தூங்குகிற நேரத்தில் விளம்பரம் போட எந்தக் கம்பெனியும் முன்வராது. நிலையக்காரர்கள் மலிவாகக் கொடுத்தார்கள். அவர்கள் குப்பை என்று ஒதுக்கிய அந்த இரண்டு மணி நேரம்தான் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் ரயில் பாதைக்கும் போகிறவர்கள் அடுப்பு மூட்டி, காப்பி குடித்து, சோற்று மூட்டை கட்டும் நேரம். கொன்சாலெஸ் பாடினார், நாடகம் போட்டார், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். ஓர் அறிவிப்பைக் கேட்டு மண்வெட்டியும் கடப்பாறையுமாகக் கூட்டம் திரண்டுவிட, போலீஸ் மிரண்டுபோன கதை ஒன்றும் உண்டு.

அது நல்ல காலமில்லை. வேலை இல்லாத வெள்ளைக்காரர்களுக்கு வழிவிட மெக்சிகோக்காரர்களை விரட்டு என்று அரசாங்கமே கிளம்பியிருந்தது. 1931 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீசின் பழைய சதுக்கத்தில் வாசல்களை அடைத்துக்கொண்டு சுமார் 400 பேரைப் பிடித்து விசாரித்தார்கள். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து லட்சக்கணக்கானோர் எல்லைக்கு அப்பால் போனார்கள். கொன்சாலெஸ் இதை ஒலிபரப்பில் கண்டித்தார். அவருடைய உரிமத்தைப் பறிக்க முயன்றார்கள்; முடியவில்லை. 1934இல் ஒரு சிறுமியைக் கெடுத்ததாக வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் லேசாக விட்டுவிடுகிறோம் என்றார்கள், மறுத்தார். ஒன்றிலிருந்து ஐம்பது ஆண்டு வரை தண்டனை. அந்தப் பெண் பிறகு தான் சொன்னது பொய் என்று எழுதிக்கொடுத்தும் நீதிமன்றம் அசையவில்லை. சான் குவென்டின் சிறையில் ஆறு ஆண்டுகள். அவர் மனைவி மரியா கூட்டம் கூட்டினார், மனு எழுதினார், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காசு போட்டார்கள். 1940இல் விடுவித்து அப்படியே மெக்சிகோவுக்கு நாடு கடத்தினார்கள்.

எல்லையைத் தாண்டினால் உடனே தீஹுவானா. அங்கே போய் ஒலிபரப்பை மறுபடி ஆரம்பித்தார். ரேடியோ அலைக்குக் கடவுச்சீட்டு கேட்க யாருமில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் அவர் குரல் தொடர்ந்து கேட்டது. எழுபதுகளில் அமெரிக்காவுக்குத் திரும்பி, 1995இல் 99 வயதில் இறந்தார்.

ஸ்பானிய ஊடகத்தில் வெற்றிகரமாக வணிகம் செய்தவர்களும் உண்டு. இக்னாசியோ லொசானோ 1926இல் லாஸ் ஏஞ்சலீசில் தொடங்கிய 'லா ஒபினியோன்' பெரிய நாளிதழாயிற்று. ரவுல் கோர்த்தெஸ் 1946இல் சான் அன்டோனியோவில் தொடங்கியது, மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவருக்குச் சொந்தமான முதல் ஸ்பானிய வானொலி நிலையம். இவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் நிற்க விரும்பும் அடுத்த இடம் டெலானோ. கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடி. சீசர் சாவேஸ் அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிக்கொண்டிருந்தார். மாதச் சந்தா 3 டாலர் 50 சென்ட். அன்றைய கூலிக்கு அது பெரிய தொகை. பணக்காரர்களிடமும் அறக்கட்டளைகளிடமும் வாங்கி நடத்தலாமே என்றவர்களுக்கு அவர் இணங்கவில்லை. தங்கள் காசு போடாத சங்கத்தைத் தொழிலாளர்கள் தங்களுடையதாக நினைக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1964 கடைசியில் அந்தச் சங்கத்தின் குரலாக 'எல் மால்கிரியாதோ' வந்தது. வளர்ப்பு சரியில்லாத பிள்ளை என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட பத்திரிகை. விலை 10 சென்ட். குடியிருப்புகளின் மளிகைக் கடைகளில் பன்றிக் கொழுப்புக்கும் சோள மாவுக்கும் பக்கத்தில் விற்றார்கள்.

அதில் ஆண்டி செர்மேனோ வரைந்த கேலிச் சித்திரங்கள்தான் உயிர். டான் சோதாகோ ஒரு குள்ளமான, தலையில் தொப்பி கவிழ்ந்த, யார் அதட்டினாலும் தலையாட்டும் கூலிக்காரன். எதிரில் தொப்பை பெருத்த முதலாளி. இருவருக்கும் நடுவில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒல்லிக் கங்காணி. படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துச் சிரிப்பான். அடுத்த நிமிடம் தன்னைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று உறைக்கும். 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் திராட்சை பறிப்பதை நிறுத்தினார்கள். எட்டு நாள் கழித்து சாவேஸின் சங்கமும் சேர்ந்தது. ஐந்து ஆண்டுப் போராட்டம் தொடங்கியபோது, யாரை அழைப்பது, எங்கே கூடுவது என்று சொல்ல ஒரு பத்திரிகை ஏற்கெனவே எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தது. சங்கம் பத்திரிகையைப் பெற்றதா, பத்திரிகை சங்கத்தைப் பெற்றதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

லாஸ் ஏஞ்சலீசில் 1967இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் 'லா ராசா' என்ற பத்திரிகை தொடங்கியது. 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிரான பேரணியைப் போலீஸ் கலைத்தது. அன்று சில்வர் டாலர் என்ற மதுக்கூடத்தின் வாசலை நோக்கிக் காவலர் துப்பாக்கி நீட்டுவதை அந்தப் பத்திரிகையின் ரவுல் ரூயிஸ் படமெடுத்தார். உள்ளே பத்திரிகையாளர் ரூபென் சலசார் கண்ணீர்ப் புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். பெரிய பத்திரிகையில் வேலை செய்தவரின் மரணத்துக்குச் சாட்சி சிறிய பத்திரிகையிடம்தான் இருந்தது.

இனி மறுபடி வயல். ஆண்டு 1979. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில், கிரேஞ்சர் என்ற சிற்றூர். அங்கிருந்து டிசம்பரில் ரேடியோ கே.டி.என்.ஏ. ஒலிக்கத் தொடங்கியது. விவசாயக் கூலிகளுக்காக, முழு நேரமும் ஸ்பானிய மொழியில், விளம்பரம் இல்லாமல். நிறுவியவர்களில் ஒருவரான ரோசா ராமோன் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். நிலையத்தை நடத்தியவர் அவர். பூச்சிமருந்து தெளித்த வயலில் எப்போது இறங்கலாம், கூலியைப் பிடித்துக்கொண்டால் யாரிடம் போவது, பிள்ளைக்குத் தடுப்பூசி எங்கே என்பதெல்லாம் நிகழ்ச்சிகளாயின. எய்ட்ஸ் பற்றி அச்சம் நிறைந்திருந்த காலத்தில் அதை வானொலித் தொடர் நாடகமாகவே போட்டார்கள். பெண்களுக்கு மைக்கையும் கருவிகளையும் பழக்கிக்கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று ஃப்ரெஸ்னோவில் ரேடியோ பிலிங்குவே. நிறுவியவர் ஹூகோ மொராலெஸ். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து மிஸ்டெக் பழங்குடியில் பிறந்தவர். ஒன்பது வயதில் கலிஃபோர்னியாவுக்கு வந்து குடும்பத்தோடு பழம் பறித்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தார். படித்து முடித்ததும் பள்ளத்தாக்குக்கே திரும்பினார். கூலிக்காரர்கள், ஆசிரியர்கள், கலைஞர்கள் என்று ஒரு குழு 1976இலிருந்து கூடிக் கூடிப் பேசிக் கட்டிய நிலையம் அது. பல நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் இன்றும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான்.

எனக்கு அதில் மிகப் பிடித்தது 'லா ஓரா மிஸ்டெகா'. ஃபிலெமோன் லோபெஸ் என்ற மிஸ்டெக்காரர் தொடங்கி நடத்திய ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழியாக இருக்கிறவர்களுக்கு அவர்களுடைய மொழியில். கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்கிறவர் தொலைபேசியில் கூப்பிட்டு அம்மாவுக்கு வணக்கம் சொல்வார். செயற்கைக்கோள் வழியாக அது வஹாக்கா மலை ஊர்களிலும் அதே நேரத்தில் ஒலிக்கும். பல ஆண்டுகள் ஊர் திரும்ப முடியாதவர்களுக்கு, எல்லையில் பிடிபடும் பயத்தில் இருப்பவர்களுக்கு, அதுதான் ஊர்ப் பயணம். திருவிழாவுக்கு எவ்வளவு வசூல், யார் வீட்டில் சாவு, எல்லாம் அதில் வந்துவிடும்.

இங்கே என் கேள்விக்குச் சுருட்டுத் தொழிற்சாலையில் கிடைத்த பதில் பொருந்தாது. கோபுரம், கருவி, மின்சாரம், உரிமம் எல்லாம் ஆளுக்கு 25 சென்ட்டில் ஆகிற காரியமில்லை. கேட்பவர்கள் கொடுத்தார்கள், நடன நிகழ்ச்சி நடத்திச் சேர்த்தார்கள், அறக்கட்டளைகள் கொடுத்தன. அதோடு 1967இல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய பொது ஒலிபரப்புக் கழகத்தின் பணமும் வந்தது. சாவேஸ் புருவத்தை உயர்த்தியிருப்பாரோ என்னவோ. நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய நகரத்தின் பொது வானொலிக்கு வசதியான கேட்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எழுதுவார்கள். பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் பறிப்பாளியிடம் யார் எவ்வளவு கேட்க முடியும்?

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் முதல் தேதி கழகம் தன் வேலைகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கேட்பவர் காசில் நின்ற குரலை 1931இல் பறிக்க மேடையை உடைக்க வேண்டியிருந்தது. இந்த முறை எதையும் உடைக்கத் தேவைப்படவில்லை. போன பணம் யாரோ போட்ட பிச்சையும் இல்லை. எல்லையைத் தாண்டி வந்து, ஆவணம் இல்லாமல், வேறு பெயரில் கூலி வாங்கும் பறிப்பாளியின் சம்பளச் சீட்டிலும் வரி பிடிக்கிறார்கள்.